வெளிநாட்டில் ஆங்கிலக் கற்பித்தலை முதுகலையாகப் படிப்பது: போய் வந்தவர்களின் கருத்து தேவை

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். 2026 செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டு முதுகலைக்கு இங்கிலாந்தின் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துள்ளது. ஒன்று டெசால், அதாவது பிறமொழியாளர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தல். மற்றொன்று பயன்பாட்டு மொழியியல். ஐஈஎல்டிஎஸ் தேர்வில் 7 பெற்றிருப்பதால் மொழித் தகுதியில் சிக்கல் இல்லை.

கல்விக் கட்டணம் மட்டுமே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அப்பாவின் பெயரில் உள்ள வீட்டை அடமானம் வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் உள்ள கல்வி ஆலோசகர், இந்தப் பட்டம் இருந்தால் அங்கேயே பள்ளி ஆசிரியராகிவிடலாம் என்று உறுதியாகச் சொல்கிறார். அவர் சொன்ன வேகமே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. இரண்டு படிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு என்ன? அங்கே உண்மையில் எதைக் கற்பிக்கிறார்கள்? படித்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

பனிமூட்டம் எழுதியது:

அன்புள்ள ஆசிரியைக்கு, 2022 செப்டம்பரிலிருந்து ஓராண்டு வடக்கு இங்கிலாந்தில் டெசால் முதுகலை படித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்ல இருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தப் படிப்பில் யாரும் உங்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தர மாட்டார்கள். மனிதர் இரண்டாம் மொழியை எப்படிக் கற்கிறார்கள், இலக்கணத்தை எப்படி விவரிப்பது, பாடத்திட்டத்தையும் தேர்வையும் எந்த அடிப்படையில் வடிவமைப்பது என்பவையே பாடங்கள். மொத்தம் 180 கிரெடிட். அதில் 60 கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்கு உரியது. எனக்கு வாரத்திற்கு எட்டு மணி நேரம்தான் வகுப்பு இருந்தது. மீதி நேரமெல்லாம் நூலகத்தில் கட்டுரைகளுடன் கழிந்தது. நம் ஊர்க் கல்லூரியில் காலை முதல் மாலை வரை வகுப்பில் அமர்ந்து பழகிய எனக்கு, முதல் மாதம் ஏதோ ஏமாற்றப்பட்டுவிட்டதாகவே தோன்றியது.

எங்கள் வகுப்பில் முப்பது பேர். இருபதுக்கும் மேற்பட்டோர் சீனாவிலிருந்து நேராக இளங்கலை முடித்து வந்த பெண்கள். சவுதியிலிருந்து இரு ஆசிரியர்கள், கிரேக்கத்திலிருந்து ஒருவர், கஜகஸ்தானிலிருந்து ஒருவர், இங்கிலாந்துக்காரர்கள் இருவர், பிறகு நான். உண்மையான மாணவர்கள் முன் நின்று கற்பிக்கும் பயிற்சி எங்கள் படிப்பில் இல்லை. அதற்குப் பதிலாக ஆளுக்குப் பதினைந்து நிமிடம் சக மாணவர்களுக்கே பாடம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள கஜகஸ்தான் ஆசிரியை, ஒன்றும் அறியாத சிறுமியைப் போல நடித்து, இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடமிருந்து இறந்த காலத்தைக் கற்றுக்கொண்டார். அன்று சிரித்தோம், ஆண்டு முடியும்போது அந்தச் சிரிப்பு யாருக்கும் இல்லை. ஆகவே இரு பல்கலைக்கழகங்களுக்கும் மின்னஞ்சல் எழுதி, மதிப்பிடப்படும் கற்பித்தல் பயிற்சி உண்டா, உண்டென்றால் எத்தனை மணி நேரம், யாருக்குக் கற்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். படிப்பின் பெயரைவிட அந்தப் பதிலே முக்கியம். அனுபவமே இல்லாதவர்களுக்கும் சேர்க்கை தரும் டெசால் படிப்புகள் உள்ளன. இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கும் படிப்புகளும் உள்ளன. இரண்டாம் வகையில் வகுப்பு உரையாடலே வேறு தரத்தில் இருக்கும்.

எனக்குக் கற்பித்தல் பயிற்சி கிடைத்தது பல்கலைக்கழகத்திற்கு வெளியே. நகர நூலகத்தில் வியாழன்தோறும் அகதிகளுக்கான உரையாடல் வகுப்பு நடக்கும். அங்கே தன்னார்வலராகச் சேர்ந்தேன். எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு தாய்க்கு, தொலைபேசியில் மருத்துவரிடம் நேரம் வாங்குவதைப் பழக்கினேன். வாக்கியங்களை அவர் இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் மறுமுனையில் இருப்பவர் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிடுவார். பிறகு நான் வாக்கியங்களைக் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், வேறு விதமாகச் சொல்லுங்கள் என்று கேட்கும் மூன்று வழிகளை மட்டும் பழக்கினேன். ஆய்வேட்டுக்கான கேள்வி எனக்கு அங்கிருந்துதான் பிறந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் தங்கை மகளை அனுப்பிவைத்த அனுபவத்தில் பணத்தையும் விதிகளையும் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆலோசகர்கள் மெல்லிய குரலில் சொல்லிக் கடந்துவிடும் பகுதி இது.

கல்விக் கட்டணத்தில் மீதமுள்ள தொகையுடன் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும். மருத்துவத்திற்கான கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. அதை விசா விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பாடம் நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலை படிக்கச் செல்வோர் கணவரையோ குழந்தைகளையோ சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல முடியாது. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடுவதற்கான விசா இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது பதினெட்டு மாதம். நீங்கள் 2027 இலையுதிர் காலத்தில்தான் படிப்பை முடிப்பீர்கள் என்பதால், உங்கள் கணக்கைப் பதினெட்டு மாதத்திற்கே போடுங்கள்.

ஆலோசகர் சொன்ன பள்ளி வேலையைப் பற்றி: இங்கிலாந்தின் உள்ளாட்சி நிர்வாகத்தில் உள்ள அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக, தகுதிபெற்ற ஆசிரியர் என்ற தனி அங்கீகாரம் வேண்டும். டெசால் முதுகலை அந்த அங்கீகாரத்தைத் தருவதில்லை. அவர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஊர் திரும்பினால் பட்டம் செல்லுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஓராண்டு முதுகலைக்கு இங்கே மதிப்பில்லை என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூலையில் பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்க இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளிநாட்டுப் பட்டங்களுக்கான சமநிலை விதிகளை வெளியிட்டது. உங்களிடம் ஏற்கெனவே இந்திய எம்.ஏ.வும் பி.எட்.டும் இருப்பதால் உங்களுக்கு இது பெரிய இடர் அல்ல. அவை இல்லாமல் இளங்கலையோடு புறப்படுவோர்தான் இருமுறை யோசிக்க வேண்டும்.

வடமராட்சி எழுதியது:

பனிமூட்டம் அக்கா எழுதியதை இருமுறை வாசித்தேன். நான் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆங்கில மொழிக் கற்பித்தல் பிரிவில் போதனாசிரியராக இருக்கிறேன். புலமைப்பரிசில் ஒன்றினால் பயன்பாட்டு மொழியியலில் முதுகலை படிக்க வெளிநாடு சென்று வந்தேன். ஆகவே நாமக்கல் ஆசிரியையின் இரண்டாவது தெரிவைப் பற்றி என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

பயன்பாட்டு மொழியியல், வகுப்பறையிலிருந்து சற்று விலகி நின்று மொழியைப் பார்க்கும் படிப்பு. நீதிமன்றத்தில் கேள்வி கேட்கப்படும் விதம், குடியேறியவர்களின் வீட்டுமொழி, கணினியில் திரட்டிய பல இலட்சம் சொற்களின் தொகுப்பில் ஒரு சொல் எதனுடன் சேர்ந்து வருகிறது என்பன போன்றவையும் அதில் அடங்கும். கற்பித்தல் அதன் ஒரு கிளைதான். எனினும் ஆய்வுப் பட்டத்துக்குச் செல்ல விரும்புபவருக்கு அது வலுவான அத்திவாரம்.

நான் சொல்ல வந்தது வேறு. இரண்டாம் தவணையில் ஆங்கிலமும் அதிகாரமும் பற்றிய பாடத்துக்கு ஒரு வாசிப்புப் பட்டியல் தந்தார்கள். அதில் சுரேஷ் கனகராஜாவின் பெயர் இருந்தது. அவர் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். பின்னர் அமெரிக்கா சென்று பேராசிரியரானார். 1993-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, யாழ்ப்பாண மாணவர்கள் அமெரிக்கப் பாடநூல் ஒன்றை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைப் பற்றியது. வகுப்பில் அமைதியாக இருந்த பிள்ளைகள் அந்தப் பாடநூலின் ஓரங்களில் என்னென்ன கிறுக்கி வைத்தார்கள் என்பதையும் அவர் ஆய்வுத் தரவாக எடுத்துக்கொண்டார். பாடநூல் காட்டிய வாழ்க்கையோடு அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. ஆனால் அவர்கள் ஆங்கிலத்தை வேண்டாமென்று சொல்லவுமில்லை. பரீட்சைக்கு உதவும் இலக்கணத்தைத் தாருங்கள் என்றே கேட்டார்கள். எதிர்ப்பும் இசைவும் ஒரே பிள்ளையிடம் இருந்ததை அந்தக் கட்டுரை மறைக்கவில்லை.

1996-இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவதற்கு வேண்டிய பௌதிக வசதிகளைப் பற்றியது. நல்ல தாள், பல பிரதிகள், தபாற்செலவு ஆகியவை ஒரு அறிஞனின் குரலை எப்படித் தடுக்கின்றன என்று அதில் விளக்குகிறார். பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்தவன் நான். கொப்பித் தாள் கிடைக்காத நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தக் கட்டுரையை, தாள் தீராத அச்சு இயந்திரம் மூலையில் நிற்கும் ஒரு நூலகத்தில் இருந்து வாசித்தேன். செமினாரில் அன்றுதான் முதற்தடவையாக வாய் திறந்து கதைத்தேன். அதுவரை விரிவுரையாளர் நான் வெட்கப்படுபவன் என்று நினைத்திருந்தார்.

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

ஒரு கேள்வி சற்றுக் கூச்சத்துடன் கேட்கிறேன். என் உச்சரிப்பில் தமிழ் வாடை உண்டு. அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிப் பேசினால் சிரிக்கமாட்டார்களா?

குறில் நெடில் எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். ஒலியியலில் ஆய்வு செய்பவன் நான்.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மெல்லிய தாள் ஒன்றை வாய்க்கு முன் விரலிடைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, நம் வழக்கப்படி 'பின்னால்' என்று சொல்லுங்கள். தாள் அசையாது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லைச் சொன்னால் தாள் துள்ளும். சொல்லின் முதலில் வரும் அந்த ஒலியோடு அவர்கள் மூச்சையும் சேர்த்து வெளியேற்றுகிறார்கள். நாம் மூச்சில்லாமல் சொல்லும்போது, அவர்களுடைய காதில் அது குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லாக விழுந்துவிடும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பி'தான் என்பதையும் கவனியுங்கள். தமிழில் ஒலிப்பு இடத்தைப் பொறுத்து மாறும். 'பாம்பு' என்ற சொல்லில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் வெவ்வேறு ஒலிகள். ஆனால் இடமே அதைத் தீர்மானித்துவிடுவதால் நமக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வெவ்வேறு தாய்மொழி உடையவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிப் பிழைகள் புரிதலைக் கெடுக்கின்றன, எவை கெடுப்பதில்லை என்று பிரித்துக் காட்டினார். நம் பள்ளிகளில் நாக்கைப் பல்லிடையில் நீட்டவைத்துப் பாடாய்ப் படுத்தும் அந்த 'த' ஒலி, அவருடைய பட்டியலில் கட்டாயம் அல்ல. சொல் முதலில் மூச்சுடன் வரும் வல்லொலிகள், உயிரொலிகளின் நீளம், சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் மெய்கள், வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடம் ஆகியவை கட்டாயம். இவற்றில் நீளம் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. செம்மறி ஆட்டையும் கப்பலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்லத் தடுமாறுபவர்கள் உலகில் எத்தனையோ பேர். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு அது பெரிய வேலை இல்லை. மெய்க்கூட்டம் நமக்குக் கடினம். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது நம் இலக்கணம். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் இகரத்தை ஒட்டவைப்பவர்கள் அந்த விதிக்கு விசுவாசமாக இருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியை அவர்களே, உங்கள் தமிழ் வாடையில் எதைத் திருத்த வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று பிரிப்பதே முதல் வேலை. சிரிப்பவர்கள் எங்கும் இருப்பார்கள். பயன்பாட்டு மொழியியல் துறையில் சிரித்தால் அவரைத்தான் மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எதிர்க்கட்சி எழுதியது:

வகுப்பறைக்குள் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. வெளியே சந்தை வேறு விதமாக நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வழக்கமாகத் தரப்படும் மொழிப் பயிற்றுநர் விசா அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்கே பெரும்பாலும் உரியது. முதுகலைப் பட்டமே இல்லாத ஏழு நாட்டுக்காரருக்குக் கதவு திறக்கும் இடத்தில், அதே பாடத்தில் முதுகலை முடித்த நாமக்கல் ஆசிரியை பெரும்பாலும் வெளியே நிற்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அதைக் கற்பிக்கத் தகுந்தவர் என்னும் 'தாய்மொழியாளர்' கருத்தைக் கண்டித்து உங்கள் பேராசிரியர்கள் கட்டுரை எழுதுவார்கள். விளம்பரங்களில் அந்தச் சொல் அப்படியே இருக்கும். வீட்டை அடமானம் வைப்பவரிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பனிமூட்டம் எழுதியது:

எதிர்க்கட்சியின் பெயர் பொருத்தமானது; கருத்தும் தவறு இல்லை. என் வகுப்பில் படித்த கிரேக்கத் தோழியும் விண்ணப்பங்களில் இதே சுவரில் முட்டிக்கொண்டார். ஆனால் தாய்மொழியாளராக இல்லாததன் ஆதாயத்தை நான் கண்ணால் கண்ட ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

இலக்கண விளக்க வகுப்பில் விரிவுரையாளர் பலகையில் 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று எழுதி, இதில் என்ன பிழை, மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டார். இங்கிலாந்துத் தோழர்கள் இருவரும் உடனே பிழை என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, காதுக்குச் சரியாகப் படவில்லை என்றார் ஒருவர். அப்படி யாரும் சொல்வதில்லை என்றார் மற்றவர். நான் கையை உயர்த்தினேன். அந்த வினை வடிவம் கடந்த நிகழ்வை இன்றோடு கட்டிவைக்கிறது. 'நேற்று' என்ற சொல்லோ அதை முடிந்துபோன காலத்தில் ஆணியடித்துவிடுகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியாது என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விளக்கம் அது. நான் அந்த விதியைக் கற்றுக்கொண்ட வேதனை எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் அதைக் கற்றதே இல்லை, அதனுள்ளே பிறந்துவிட்டார்கள். மாணவரின் பிழையைக் குற்றமாக எண்ணாமல், அவர் மனத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் இலக்கணத்தின் சாட்சியாகப் பார்க்க வேண்டும் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையை அடுத்த வாரம் படித்தோம். எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை.

எழுத்தில் மட்டும் நான் அடிபட்டேன். முதல் கட்டுரையில், இரண்டு பத்திகளில் ஒரு நூலின் சொற்றொடர்களைச் சிறிது மாற்றி எழுதி, முடிவில் நூலாசிரியர் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். மென்பொருள் அதைச் சுட்டிக்காட்ட, துறையில் அழைத்து விசாரித்தார்கள். எழுத்துத் திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் கை நடுங்கியது. பெரியவர் ஒருவர் நன்றாகச் சொல்லியிருப்பதை அப்படியே எடுத்தாள்வது மரியாதை என்ற பழக்கத்தில் வந்தவள் நான். உரையாசிரியர்கள் செய்ததும் அதுதானே என்று வாதாட நினைத்தேன், நாக்கு எழவில்லை. எச்சரிக்கையோடு விட்டார்கள். அதன்பின் பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சி நிலையத்திற்கு வாரந்தோறும் சென்றேன். பிறர் கருத்தைப் படித்து, நூலை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து சரிபார்ப்பது என்ற ஒரே பழக்கம் என்னைக் காப்பாற்றியது. இது இலவசமாகக் கிடைக்கும் உதவி. விசாரணைக்கு முன்பே போயிருக்கலாம்.

தார்நாக்கா எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் ஹைதராபாத்தை யாரும் குறிப்பிடாதது வியப்பாக உள்ளது. 1958-இல் ஆங்கிலத்திற்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்காகவே உருவானது. நான் அங்கேதான் படித்தேன். உங்கள் இருபது லட்சத்தில் சில்லறைதான் செலவாகும்.

அதைவிட முக்கியமான செய்தி, அங்கே வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள் என்பது. வெளியுறவுத் துறையின் நிதியுதவியோடு நடக்கும் பயிற்சிகளுக்கு மத்திய ஆசியா, ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா முதலிய பகுதிகளிலிருந்து ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆங்கிலம் கற்க வருவார்கள். விடுதி உணவுக்கூடத்தில் வியட்நாம் அலுவலர் ஒருவருக்குச் சாம்பார் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். எங்கள் பேராசிரியர்களின் ஆங்கிலத்தைத்தான் அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

வடமராட்சி நண்பர் யாழ்ப்பாணத்தைச் சொன்னதால் நான் கடலூரைச் சொல்கிறேன். 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு தென்னிந்தியாவில் ஒரு பரிசோதனை நடத்தினார். பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற இடங்களில், எளிய வசதிகள் கொண்ட பள்ளிகளின் வகுப்பறைகளில் இலக்கணப் பாடமே இல்லாமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். ஒரு கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியர் வாய்விட்டுத் தீர்ப்பார். அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனியே தீர்க்க வேண்டும். கவனம் பொருளில் இருக்கும்போது வடிவம் தானாகப் படியும் என்பது பிரபுவின் துணிபு. உலகெங்கும் பணிவழிக் கற்பித்தல் என்று இன்று சொல்லப்படும் முறையின் வரலாற்றை எழுதும் எவரும் இந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போக முடியாது. 1987-இல் அதைப் பற்றிய அவருடைய நூல் ஆக்ஸ்ஃபர்டில் வெளியானது. நாற்பது பேர் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் வகுப்பில் குழு விவாதம் எப்படி நடத்துவது என்று புலம்புகிற நம் ஆசிரியர்கள், குழு விவாதத்தை நம்பாமல் வகுப்பு முழுவதையும் ஒன்றாக வைத்தே அவர் அதைச் செய்தார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

என் பரிந்துரை: இதையெல்லாம் படிக்க இங்கிலாந்து போக வேண்டிய கட்டாயம் இல்லை.

பனிமூட்டம் எழுதியது:

கடலூர்ப் பள்ளியைப் பற்றி நான் முதன்முதலில் அறிந்தது இங்கிலாந்தில்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். திருச்சியில் பி.எட். படித்தபோது ஒருவரும் சொல்லவில்லை. தார்நாக்கா நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நூலகமும், அந்த ஓராண்டுத் தனிமையும் இல்லாதிருந்தால் நான் இவற்றைத் தேடிப் படித்திருப்பேனா என்பது எனக்கு ஐயமே.

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பனிமூட்டம் அக்கா சொன்ன கேள்விகளை அப்படியே அனுப்பினேன். டெசால் படிப்பில் உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சி இல்லை என்று நேர்மையாகப் பதில் வந்தது. நான் நினைத்ததற்கு மாறாக, பயன்பாட்டு மொழியியல் படிப்பில் விருப்பப் பாடமாக அது இருக்கிறது. அந்த ஊரில் குடியேறியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் ஆறு முறை கற்பிக்க வேண்டும். விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்து மதிப்பிடுவார். முன் அனுபவம் உள்ளவர்களுக்கே இடம். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிப்பேன். கிடைக்காவிட்டால் ஹைதராபாத். அப்பா வீட்டுப் பத்திரத்தை மறுபடி பீரோவில் வைத்துவிட்டார்.

இன்னொன்று. வடமராட்சி அண்ணா எழுதியதைப் படித்தபின், ஆறாம் வகுப்பில் ஆண்டு முடிவில் திரும்ப வாங்கிய ஆங்கிலப் பாடநூல்களைப் புரட்டினேன். ஓரங்களில் விஜய் இருக்கிறார், தோனி இருக்கிறார், என் புடவை நிறத்தைப் பற்றிய குறிப்பும் ஒன்று இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லா நூலிலும் ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறார்கள். பதினேழாம் பக்கத்தில் குண்டூசியும் குப்பைத்தொட்டியும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. முப்பத்தெட்டு நூல்களில் இருபத்தொன்பதில் இரண்டுக்கும் மேலே 'பின்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் மட்டும் இரண்டாவதன் கீழே கோடு போட்டிருக்கிறான். இது ஆய்வேட்டுக்குத் தாங்குமா?

வடமராட்சி எழுதியது:

தாராளமாகத் தாங்கும், தங்கச்சி. ஆனால் இப்போது சேர்த்ததைத் தரவாகப் பயன்படுத்த வேண்டாம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன் திரட்டியதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் பாடசாலையின் கடிதமும் கேட்பார்கள். இதை யோசனையாக வைத்து ஆய்வு முன்மொழிவை எழுதுங்கள். அந்தக் கோடு போட்ட பையனிடம் மட்டும் ஏன் போட்டாய் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள். அடுத்த வகுப்புக்குப் போனபின் மறந்துவிடுவான்.

குறில் நெடில் எழுதியது:

அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.